நெளிவான ட்ராக்ல முன்பக்கம் தள்ளுது, பின்பக்கம் சுத்துது: எத மாத்தணும்?

நீங்க கேட்டது மூணு கேள்வி. 400 ஹெச்பி ரியர் வீல் டிரைவ் ஸ்போர்ட்ஸ் கார், நீளமான ஸ்ட்ரெயிட் இருக்கற ட்ராக்ல எல்லாரையும் புடிச்சிடறீங்க, ஆனா நெளிவு சுளிவான ட்ராக்குக்குப் போனா உங்க பவர்ல பாதி கூட இல்லாத சின்ன கார் ஒண்ணு ரெண்டே லேப்ல கண்ணுல இருந்து மறைஞ்சு போயிடுது, கார்னர்ல முன்பக்கம் வெளிய தள்ளிட்டே இருக்கு, எப்பவாவது திடீர்னு பின்பக்கம் சுத்திடுது, அதனால டயர மாத்தவா, சஸ்பென்ஷன மாத்தவா, இல்ல பிரேக்க இன்னும் லேட்டா அடிக்கவான்னு. இந்த மூணுக்கும் அடியில இருக்கற கேள்வி வேற: ஒரே கார் எப்படி முன்னாடியும் தள்ளும், பின்னாடியும் சுத்தும்? செட்டப் கோளாறுன்னா பெரும்பாலும் ரெண்டுல ஒரு பக்கம்தான் சாயும். ரெண்டையும் பண்ணுதுன்னா நான் மொதல்ல சந்தேகப்படறது டிரைவரோட வலது கால.

நான் பல வருஷமா ட்ராக்ல பக்கத்து சீட்ல உக்காந்து சொல்லிக்குடுக்கறவன், இன்ஜினியர் கிடையாது. உங்க காரையும் பாக்கல, உங்க லேப் டேட்டாவும் என் கையில இல்ல. அதனால கீழ டயர், எடை, வேகம் பத்தி சொல்றத உறுதியா எடுத்துக்கலாம், உங்க கால் என்ன பண்ணுதுங்கறது மட்டும் நீங்க எழுதினத வச்சு நான் யூகிக்கறது. ஆனா இதே புகாரோட வர்றவங்க பக்கத்துல உக்காந்து ரெண்டு லேப் போனா, பெரும்பாலும் ஒரே விஷயத்ததான் பாக்கறேன்.

ஒவ்வொரு டயரும் ரோட்ட தொடற இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். அந்த நாலு இடத்துலயும் இருக்கற கிரிப்ப பிரேக்குக்கு செலவு பண்ணலாம், திரும்ப செலவு பண்ணலாம், பிரிச்சும் குடுக்கலாம், ரெண்டுக்கும் முழுசா மட்டும் குடுக்க முடியாது. அதுவும் நிலையா இருக்கற கிரிப் இல்ல. பிரேக் புடிச்சா எடை முன்னாடி வரும், முன் டயர் ரோட்ல அழுந்தும், பின் டயர் லேசாகும். ஆக்ஸிலரேட்டர் குடுத்தா தலைகீழ். அதனால ஒரு கார்னர்ல எந்த டயருக்கு எப்ப எவ்வளவு கிரிப் இருக்குங்கறத முடிவு பண்றது பாதிக்கு மேல உங்க கால்தான்.

இப்ப உங்க கார்னர மெதுவா ஓட்டிப் பாப்போம். ஸ்ட்ரெயிட் முடிவுல மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்துல வர்றீங்க, முன்னாடி போற சின்ன கார புடிக்கணும்னு லேட்டா பிரேக் அடிக்கறீங்க, வேகம் எறங்கலியேன்னு திரும்ப வேண்டிய இடம் வரைக்கும் முழு அழுத்தத்துல மிதிச்சே வச்சிருக்கீங்க, அய்யோ திரும்பணுமேன்னு கால சட்டுனு எடுத்துட்டு ஸ்டியரிங்க வெடுக்குனு திருப்பறீங்க. கால எடுத்த அந்த நொடியில அமுங்கியிருந்த முன் ஸ்பிரிங் மேல எழும்பிடும், முன் டயர் மேல இருந்த எடை பின்னாடி போயிடும், அதாவது திரும்பறதுக்கு முன் டயருக்கு எடை வேணுங்கற அதே நேரத்துல நீங்களே அத எடுத்துடறீங்க. கார் நேரா போகப் பாக்கும். நீங்க இன்னும் ஒடிக்கறீங்க, ஆனா ஏற்கனவே சறுக்கிட்டிருக்கற டயர இன்னும் ஒடிச்சா கிரிப் கூடாது, டயர்தான் தேயும். வெளி ஓரம் கிட்ட வந்துடுது, பயத்துல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுக்கறீங்க, இல்ல பிரேக்க லேசா தொடறீங்க. எடை முன்னாடி பாயுது, அதிகமா ஒடிச்சு வச்சிருந்த முன் டயருக்கு திடீர்னு கிரிப் வருது, பின் டயர் லேசாகுது, பின்பக்கம் சுத்திடுது. நீங்க ரெண்டு வியாதின்னு நெனைக்கறது ஒரே வியாதியோட மொத பாதியும் ரெண்டாவது பாதியும். இன்ஜின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி தொங்கற பழைய போர்ஷ 911-ஐ பாதி கார்னர்ல கால எடுத்து சுத்த விட்டவங்க கதை நெறய இருக்கு, அதுக்கும் காரணம் இதேதான், அங்க கொஞ்சம் வேகமா நடந்துடும், அவ்வளவுதான்.

இன்னும் லேட்டா பிரேக் அடிக்கலாமான்னு கேட்டீங்கல்ல, ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 190-ல இருந்து 80-க்கு எறங்க 120 மீட்டர் எடுக்குதுன்னு வைங்க, அதாவது ஏறக்குறைய 1 ஜி பிரேக்கிங், காரோட எடைக்கு சமமான விசை. அதையே 5 மீட்டர் தள்ளி ஆரம்பிச்சு 115 மீட்டர்ல முடிச்சா மிச்சமாகற நேரம் சுமாரா 0.04 செகண்ட். அதுக்கு டயரோட கடைசி சொட்டு கிரிப்பும் வேணும், கொஞ்சம் தப்பினாலும் மேல சொன்ன கூத்து நடக்கும். இன்னொரு பக்கம், அதே கார்னர்ல இருந்து 80-க்கு பதிலா 85-ல வெளிய வந்தீங்கன்னா, அடுத்து 300 மீட்டர் ஸ்ட்ரெயிட் இருந்தா, அந்த ஸ்ட்ரெயிட்ல மட்டும் சுமாரா 0.2 செகண்ட் கிடைக்கும். ஒரே சீரா வேகம் கூடுதுன்னு வச்சுப் போட்ட பேப்பர் கணக்குதான், உங்க கார்ல எண் கொஞ்சம் மாறும், ஆனா அஞ்சு மடங்கு வித்தியாசத்த எந்த காரும் மாத்திடாது. பிரேக் மார்க்கர் போர்ட, அதாவது கார்னருக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு காட்டற பலகைய, தாண்டி அடிச்சேன்னு பெருமையா சொல்றவங்கள பாத்தா எனக்கு இந்த 0.04தான் ஞாபகம் வரும்.

அதனால லேட்டா அடிக்கறத இப்போதைக்கு மறந்துடுங்க. பழைய இடத்துக்கும் ஒரு 10 மீட்டர் முன்னாடியே அடிங்க, ஆனா மிதிக்கறத மொத நொடியிலேயே நல்லா அழுத்தமா மிதிங்க, ஏபிஎஸ் லேசா துடிக்கறதுக்கு ஒரு நூல் முன்னாடி வரைக்கும். அப்புறம்தான் முக்கியமான வேலை: கால எடுக்கறது. ஸ்டியரிங்க திருப்ப ஆரம்பிக்கும்போது பிரேக்ல இன்னும் கொஞ்சம் அழுத்தம் இருக்கணும், ஸ்டியரிங் எவ்வளவு திரும்புதோ அவ்வளவு அழுத்தம் கொறஞ்சுட்டே வரணும், அபெக்ஸ் கிட்ட, அதாவது வளைவோட உள் ஓரத்த ஒட்டிப் போற இடத்துகிட்ட, வர்றப்ப பிரேக் பெடல்ல உங்க ஷூவோட எடை மட்டும் இருக்கற மாதிரி ஆகி அப்புறம் சுத்தமா விட்டுடணும். இதத்தான் ட்ரெயில் பிரேக்கிங்னு சொல்றாங்க. நிறைகுடத்த இடுப்புல வச்சுக்கிட்டு திரும்பற மாதிரி, எடைய அலம்பாம நகத்தணும். நடைமுறையில என்ன பாக்கறேன்னா, மிதிக்கறத எல்லாரும் ஒரே நாள்ல கத்துக்கறாங்க, விடறத கத்துக்க ஒரு சீசன் ஆகுது. பக்கத்து சீட்ல இருந்து பாத்தாலே தெரியும், கால சட்டுனு எடுக்கறவங்க கார்ல பயணியோட தலை திரும்பற இடத்துல ஒரு தடவ பின்னாடி போய் முட்டும். நல்லா விடறவங்க கார்ல தலை முன்னாடி இருந்து பக்கவாட்டுக்கு ஒரே வளைவா போகும். ஆன்போர்டு வீடியோ இருந்தா உங்க ஹெல்மெட்ட பாருங்க, அதுவே சொல்லிடும்.

ஒரு எச்சரிக்கை, இது எல்லா கார்னருக்கும் ஒரே அளவுல பொருந்தாது. ஊசி மாதிரி மடங்கற ஹேர்பின் வளைவுலயும், போகப் போக இறுகற கார்னர்லயும் பிரேக்க ரொம்ப உள்ள வரைக்கும் இழுத்துட்டு போகலாம். வேகமான நீண்ட வளைவுல அதையே பண்ணினா பின்பக்கம் லேசாகி ஆபத்து, அங்க பெரும்பாலான பிரேக்க நேரா இருக்கறப்பவே முடிச்சிட்டு ஆக்ஸிலரேட்டர்ல மெல்லிசா கால வச்சு கார நிலைக்கு கொண்டு வந்துதான் திருப்பணும். அதனால மெதுவான கார்னர்ல பழகிட்டு அப்புறம் மேல போங்க.

அந்த 5 கிலோமீட்டர் வேகம் எங்க இருந்து வரும்னா, பாதி லைன்ல இருந்து, அதாவது வளைவுல நீங்க தேர்ந்தெடுக்கற பாதையில இருந்து. 90 டிகிரி கார்னர், உள் ஓரத்தோட ஆரம் 20 மீட்டர், காரோட அகலத்த கழிச்சுட்டு நீங்க பயன்படுத்தக்கூடிய ரோடு 10 மீட்டர்னு வைங்க. வெளி ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு, உள் கெர்ப (ட்ராக் ஓரத்து விளிம்ப) தொட்டு, திரும்ப வெளி ஓரம் வரைக்கும் முழுசா விட்டா நீங்க போற வளைவோட ஆரம் 54 மீட்டர் ஆகும், 1 ஜி கிரிப்ல அது சுமாரா 83 கிலோமீட்டர் வேகம். அதையே நுழையும்போதும் வெளிய வரும்போதும் வெளிப்பக்கம் 2 மீட்டர் சும்மா விட்டுட்டா ஆரம் 47 மீட்டர், வேகம் 77, 78. ரெண்டு மீட்டர் ரோட்ட வீணாக்கினதுக்கு 5 கிலோமீட்டர் போச்சு, அதுவும் டயர் மாத்தாம, காசு செலவில்லாம கிடைச்சிருக்க வேண்டியது. புதுசா வர்றவங்க எல்லாரும் இந்த ரெண்டு மீட்டர விடுவாங்க, ஓரத்துல போனா பயம்.

ஆனா நான் சொன்ன அந்த சமமான வளைவு ஒரு ஆரம்பம்தான். அடுத்து நீளமான ஸ்ட்ரெயிட் இருந்தா அபெக்ஸ கொஞ்சம் தள்ளி வைக்கணும், அதாவது லேட்டா திரும்பி, மெதுவா இருக்கறப்பவே திரும்பற வேலைய முடிச்சிட்டு, நேரா ஆன கார்ல முழு ஆக்ஸிலரேட்டர் குடுக்கறது. 400 ஹெச்பி காருக்கு இது ரொம்ப முக்கியம். சின்ன கார்காரர் வளைவுல வேகத்த காப்பாத்தியே தீரணும், ஏன்னா போன வேகத்த திரும்ப எடுக்க அவர்கிட்ட இன்ஜின் இல்ல. உங்களுக்கு இன்ஜின் இருக்கு, ஸ்டியரிங் நேராகற வரைக்கும் அத பயன்படுத்தத்தான் முடியாது. அதனால அவர் லைன அப்படியே காப்பியடிக்காதீங்க. அவர் பின்னாடியே போய் அதே இடத்துல திரும்பி, அதே இடத்துல ஆக்ஸிலரேட்டர் குடுத்தா உங்க பின் டயர் தாங்காது.

டெக்னிக்கல் ட்ராக்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம், கார்னர் தனித்தனியா வராது. ஜப்பான்ல இருக்கற சுசுகாவ எடுத்துக்குங்க, 1962-ல திறந்த 5.807 கிலோமீட்டர் ட்ராக், எட்டு வடிவத்துல தன்னையே தாண்டிப் போகும். மொத வளைவு முடிஞ்சதும் மேல ஏறிக்கிட்டே இடதும் வலதுமா எஸ் வளைவுகள் வரிசையா வரும். அங்க மொத வளைவுல 3 கிலோமீட்டர் அதிகமா போயிட்டா காரு வெளிய போயிடும், அடுத்த வளைவுக்கு தப்பான பக்கத்துல நிப்பீங்க, அதுக்கடுத்தது இன்னும் தப்பு, வரிசை முடியறப்ப பாதி வேகம் போயிருக்கும். இந்த மாதிரி வரிசைய கடைசில இருந்து பின்னாடி படிக்கணும். கடைசி வளைவுல இருந்து எங்க வெளிய வரணும்னு முடிவு பண்ணிட்டு, அதுக்கு முந்தினதுல எங்க இருக்கணும், அதுக்கும் முந்தினதுல எங்க இருக்கணும்னு பின்னோக்கி வாங்க. சில வளைவ வேணும்னே மெதுவா போய் விட்டுக்குடுக்கணும். பவர் கார் ஓட்டறவங்களுக்கு இந்த விட்டுக்குடுக்கறது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும்.

கண்ணு பத்தி எல்லாரும் சொல்வாங்க, தூரமா பாருன்னு. சரிதான், ஆனா எங்க பாக்கறதுன்னு சொல்ல மாட்டாங்க. பிரேக் அடிக்க ஆரம்பிச்சதும் பிரேக் மார்க்கரோட வேலை முடிஞ்சது, கண்ணு திரும்பற இடத்துக்குப் போகணும். ஸ்டியரிங் திருப்பறதுக்கு முன்னாடியே கண்ணு அபெக்ஸுக்கு, அபெக்ஸ தொடறதுக்கு முன்னாடியே வெளிய வர்ற கெர்புக்கு. பக்கத்து ஜன்னல் கண்ணாடி வழியா பாக்க வேண்டியிருந்தா தலையத் திருப்பித்தான் ஆகணும். மேட்டுக்கு அந்தப்பக்கம் ரோடே தெரியாத இடமும் இருக்கு, அமெரிக்காவுல லகுனா செகா ட்ராக்ல கார்க்ஸ்க்ரூன்னு ஒரு இடம், சுமார் 137 மீட்டர் தூரத்துக்குள்ள ரோடு 18 மீட்டர் கீழ எறங்கிடும், திரும்பற நேரத்துல முன்னாடி வானம்தான் தெரியும். அந்த மாதிரி இடத்துல தூரத்து மரம், கம்பம் ஏதாவது ஒண்ண அடையாளம் வச்சுக்கணும். அதோட மேட்டு உச்சியில கார் லேசாகறதால பிரேக்கோ ஸ்டியரிங்கோ சடக்குனு பண்ணக்கூடாது.

கியர் விஷயத்த சுருக்கமா சொல்லிடறேன். ஹீல் அண்ட் டோ, அதாவது பிரேக்க மிதிச்சிட்டே அதே காலால ஆக்ஸிலரேட்டரயும் தட்டறது, ஸ்டைலுக்காக பண்றதில்ல, கீழ் கியர் போடறப்ப ரெவ் மேட்ச் ஆகலன்னா, அதாவது இன்ஜின் சுத்தற வேகம் சக்கரத்தோட ஒத்துப் போகலன்னா, பின் சக்கரம் ஒரு நொடி பூட்டின மாதிரி இழுக்கும், நீங்க பிரேக்ல கவனமா சேத்து வச்ச சமநிலை அங்கயே போயிடும். உங்க கார்ல அத தானே பண்ணிக்கற வசதி இருந்தா தாராளமா ஆன்ல வச்சுக்குங்க, யாரும் கேலி பண்ண மாட்டாங்க.

இப்ப காருக்கு வருவோம். பிரேக்ல நீங்க கட்டாயம் காசு செலவு பண்ணணும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. 1,500 கிலோ கார 190-ல இருந்து 80-க்கு எறக்கினா சுமாரா 1.7 மெகாஜூல் ஆற்றல் சூடா மாறுது. அந்த சின்ன கார் 1,000 கிலோ, அதே இடத்துக்கு 150-ல வருதுன்னு வைங்க, அதுக்கு சுமாரா 0.6 தான். ஒவ்வொரு தடவ மிதிக்கறப்பவும் உங்க டிஸ்க்குக்கு கிட்டத்தட்ட மூணு மடங்கு சூடு, நெளிவான ட்ராக்ல அது ஆற நேரமும் கிடையாது. டாட் 4 தர பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கறது விதி, காத்துல இருக்கற ஈரத்த அது உறிஞ்சிடும், ஈரம் ஏறினதுக்கான அளவு 155 தான். டாட் 5.1-க்கு இது 260, 180. ஆயில் கொதிச்சா பைப்புக்குள்ள ஆவி வரும், பெடல் பஞ்சு மாதிரி கீழ வரைக்கும் போயிடும். பிரேக் பேட் சூடாகி பிடிப்ப விட்டுச்சுன்னா பெடல் கல்லு மாதிரி இருக்கும், ஆனா கார் நிக்காது. இந்த வித்தியாசத்த காலாலயே தெரிஞ்சு வச்சுக்குங்க, எத மாத்தணும்னு அதுவே சொல்லும். ரெண்டுல எது வந்தாலும் அந்த லேப்ப மெதுவா முடிச்சு பிட்டுக்கு வந்துடணும், வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல நிறுத்துங்க.

டயர பொறுத்தவரை இப்ப வாங்காதீங்க. கிரிப் அதிகமான டயர் போட்டா லேப் நேரம் குறையும், அதுல சந்தேகமில்ல, ஆனா உங்க கால் பண்ற தப்பு அப்படியே இருக்கும், அது இன்னும் அதிக வேகத்துல நடக்கும். சாதாரண நல்ல ரோடு டயர் நழுவறதுக்கு முன்னாடி கீச்சுனு சத்தம் போட்டு சொல்லும், ட்ராக் டயர்ல பலதும் அவ்வளவு தாராளமா எச்சரிக்கை குடுக்காது. செலவில்லாம பண்ணக்கூடியது டயர் காத்து. ஓட்ட ஓட்ட டயர் சூடாகி பிரஷர் 4, 6 பிஎஸ்ஐ ஏறறது சாதாரணம், அதனால செஷன் முடிஞ்சு பிட்டுக்கு வந்த உடனே சூடோட அளந்து, கம்பெனி சூட்டுல எவ்வளவுன்னு சொல்லியிருக்கோ அதுக்கு எறக்குங்க. வீட்டுக்கு கெளம்பறதுக்கு முன்னாடி திரும்ப ஏத்திக்க மறக்காதீங்க.

சஸ்பென்ஷன்ல எனக்கு அவ்வளவு உறுதி இல்ல. முன் சக்கரத்துல கேம்பர் (சக்கரத்தோட உள்பக்க சாய்வு) போதாம அண்டர்ஸ்டியர் ஆகற, அதாவது முன்பக்கம் வெளிய தள்ளற, கார் நெறய இருக்கு, தயாரிக்கறவங்களே ரோட்ல பாதுகாப்பா இருக்கட்டும்னு முன்பக்கம் தள்ளற மாதிரிதான் பெரும்பாலும் வைக்கறாங்க. உங்க முன் டயரோட வெளி ஓரம் மட்டும் மொழுமொழுன்னு தேஞ்சிருந்தா அந்த பக்கமும் பாக்கணும். ஆனா கால் சரியாகறதுக்கு முன்னாடி அத தொட்டா எது எதனால சரியாச்சுன்னே தெரியாம போயிடும். இடது காலால பிரேக் புடிக்கறது பத்தியும் ரெண்டு கட்சி இருக்கு, ரெண்டு பக்கமும் வேகமான டிரைவர்கள் இருக்காங்க, ஆட்டோமேட்டிக்கா இருந்தாலும் இந்த நிலைமைல நீங்க அத ஆரம்பிக்க வேண்டாம்னுதான் சொல்வேன். கார் சறுக்கறப்ப தானே பிரேக் புடிச்சு காப்பாத்தற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல ஆஃப் பண்ணணுமாங்கறதுலயும் சண்டை உண்டு. ஸ்போர்ட் இல்ல ட்ராக் மோடு இருந்தா அதுல விட்டுட்டு, டேஷ்போர்டுல மினுக்கற அந்த மஞ்சள் லைட்ட வாத்தியாரா வச்சுக்குங்க. நுழையும்போது மினுக்கினா பிரேக்க சட்டுனு விட்டிருக்கீங்க, வெளிய வரும்போது மினுக்கினா ஸ்டியரிங் நேராகறதுக்கு முன்னாடி ஆக்ஸிலரேட்டர் குடுத்திருக்கீங்க. ஒரு லேப் முழுக்க மினுக்காம வேகமா வந்தா அப்ப ஆஃப் பண்றத பத்தி பேசலாம்.

வெளிய வர்றப்ப ரெண்டு சக்கரம் மண்ணுல எறங்கிட்டா ஸ்டியரிங்க வெடுக்குனு உள்ள இழுக்கவே கூடாது, புல்லுலயும் மண்ணுலயும் கிரிப் இல்லாம போற முன் டயர் தார் ரோட்ட தொட்டதும் கவ்வும், கார் குறுக்க பாஞ்சு எதிர்பக்க சுவருக்கு போயிடும். ஸ்டியரிங்க நேரா வச்சு, வேகத்த கொறச்சு, அப்புறம் மெதுவா ஏறுங்க. அந்த சின்ன கார் பின்னாடி வந்துட்டா ஸ்ட்ரெயிட்ல கால எடுத்து வழி விடுங்க. உங்க மாதிரி பவர் கார் ஸ்ட்ரெயிட்ல பறந்து கார்னர்ல வழிய மறிச்சா அவருக்கு வேற வழியே இல்ல. வழி விட்டதும் ரெண்டு கார்னர் அவர் பிரேக் லைட்ட பாத்துக்கிட்டே போங்க, எப்ப எரியுதுன்னு பாக்க வேண்டாம், எப்ப அணையுதுன்னு பாருங்க. உங்களோடத விட ரொம்ப நேரம், உள்ள வரைக்கும் எரியும்.

அடுத்த தடவ போறப்ப மொத செஷன்ல 10 மீட்டர் முன்னாடி பிரேக், மெதுவா விடறது, இது ரெண்ட மட்டும் பண்ணுங்க, லேப் டைமர மூடி வச்சிடுங்க. முடிஞ்சா கால் தெரியற மாதிரி ஒரு கேமரா, ரோடு தெரியற மாதிரி ஒரு கேமரா வச்சு ஒரு லேப் எடுத்துப் போடுங்க, எந்த ட்ராக், என்ன டயர், சூடா எவ்வளவு பிரஷர்னு சேத்து எழுதுங்க. பாத்துட்டு கேம்பர் பக்கம் போகணுமான்னு சொல்றேன்.